பனியன் துணியில் ஒரு வெள்ளைப் பூஞ்சை

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு சோதனையின் முடிவுகள் 2012இல் வெளியாயின. நினா ஜென்கின்ஸ், அலெக்சிஸ் பார்பரின் ஆகியோரின் குழு செய்த சோதனை அது. ஒரு பூஞ்சையின் வித்துகளை எண்ணெயில் கலந்து, ஓவியர்கள் வண்ணம் தெளிக்க வைத்திருக்கும் ஏர்பிரஷ்ஷால் இரண்டு பரப்புகளின்மேல் தெளித்தார்கள். ஒன்று காகிதம், மற்றது துணி. ராத்திரி முழுக்க உலரவிட்டார்கள். மறுநாள் மூட்டைப்பூச்சிகளைப் பத்துப் பத்தாக அவற்றின்மேல் விட்டு, ஒரு மணி நேரத்தில் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்தப் பூச்சிகள் இருந்தது சுத்தமான தாள் விரித்த கண்ணாடிக் கிண்ணத்தில்தான். ஐந்து நாளுக்குள் அத்தனையும் செத்துப்போயின.

அவர்கள் எடுத்துக்கொண்ட துணி காட்டன் ஜெர்சி. அந்த ஊரில் படுக்கை விரிப்புக்கு அது வழக்கமான துணி என்பதுதான் காரணம். திருப்பூரில் அதற்குப் பெயர் சிங்கிள் ஜெர்சி. வட்டப் பின்னல் எந்திரத்திலிருந்து குழாய்போல இறங்கி, டையிங், காம்பாக்டிங் என்று ஒவ்வொரு படியாகக் கடந்து கட்டிங் மேசைக்கு வரும் அதே துணி. டி-ஷர்ட்டும் பனியனும் அதில்தான் ஆகின்றன. உலகத்துக்கே அந்தத் துணியைத் தைத்து அனுப்பும் ஊரில், தைக்கிறவர் ராத்திரி போய்ப் படுக்கும் அறையில் மூட்டைப்பூச்சிக்கு வழி சொல்ல யாரும் இல்லை. ஆகவே இந்தச் சோதனையைத் திருப்பூர்க் கண்ணோடு படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

அறை என்று சொன்னது லைன் வீட்டை. ஒரே சுவரில் வரிசையாக எட்டுப் பத்து வாசல்கள், மேலே தகரமோ சிமென்ட் ஷீட்டோ, கடைசியில் பொதுக் குழாய். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் என்று பல ஊர்க்காரர்களும், நம் தென்மாவட்டத்துப் பிள்ளைகளும் இப்படிப்பட்ட அறைகளில் நாலைந்து பேராகத் தங்குகிறார்கள். நைட் ஷிப்ட் போனவர் பாயில் பகல் ஷிப்ட்காரர் படுப்பதும் உண்டு. அறைக்குப் பூச்சி எப்படி வந்தது என்று கேட்டால், "இவுங்க பையிலதானுங்க வந்துச்சு" என்பார் வீட்டுக்காரர். "நாங்க வாறதுக்கு முன்னாடியே செவுத்துல இருந்துச்சு" என்பார் குடியிருப்பவர். இரண்டும் உண்மையாக இருக்கலாம். இந்தப் பூச்சிக்கு இறக்கை இல்லை, எங்கேயும் தானாகப் பறந்து போகாது. பை, பாய், பெட்டி, பழைய கட்டில் என்று மனிதனின் சாமான்களில் ஏறித்தான் ஊர் மாறுகிறது. ஆள் போக்குவரத்து நிறைந்த ஊருக்கு அது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஓர் உண்மையை முதலிலேயே சொல்லிவிடலாம். மூட்டைப்பூச்சி நோய் பரப்புவதாக இதுவரை நிறுவப்படவில்லை. ஆகவே கொசுவுக்குக் கிடைக்கும் அரசாங்கக் கவனம் இதற்குக் கிடைப்பதில்லை. ஆனால் ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டிருந்தவர் மறுநாள் ஓவர்லாக் எந்திரத்தில் பத்து மணி நேரம் உட்கார வேண்டும். பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவருக்குத் தூக்கம் கெட்டால் கூலியும் குறையும். இதை எந்தச் சுகாதாரக் கணக்கும் எழுதி வைப்பதில்லை.

*

பூச்சி இரண்டு வகை. குளிர்ந்த நாடுகளில் பரவலாக இருப்பது சைமெக்ஸ் லெக்டுலேரியஸ். வெப்ப நாடுகளுக்குரியது சைமெக்ஸ் ஹெமிப்டெரஸ். தமிழ்நாட்டில் நம்மைக் கடிப்பது பெரும்பாலும் இதுதான். வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் ஒரு வித்தியாசம் நம் பாட்டிகளோடு தொடர்புடையது. கட்டில் கால்களைத் தண்ணீரோ மண்ணெண்ணெயோ ஊற்றிய கிண்ணத்தில் நிறுத்தும் பழக்கம் நினைவிருக்கலாம். வழவழப்பான பாத்திரத்தில் விழுந்த பூச்சி ஏறி வராது என்ற நம்பிக்கையில்தான் மேலைநாட்டுப் பொறிக் கிண்ணங்களும் செய்யப்படுகின்றன. லெக்டுலேரியஸ் ஏற முடியாமல் வழுக்கி விழும். ஹெமிப்டெரஸின் காலில் இருக்கும் மயிர்த்திட்டு அடர்த்தியானது, அது கண்ணாடிபோன்ற சுவரிலும் ஏறிவிடும் என்று 2017இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அங்கே செய்த பொறி இங்கே ஏமாற்றும். பூஞ்சை விஷயத்திலும் இந்த எச்சரிக்கையை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு ஐந்து முறை தோலுரித்துப் பெரிதாகிறது. ஒவ்வொரு முறையும் தோலுரிக்கும் முன் ஒரு வயிறு ரத்தம் தேவை. குடித்துவிட்டு விரிசலுக்குள் போய், கூட்டமாக ஒட்டிக்கொண்டு கிடக்கும். வெளியே வரும் நேரம் வாரத்துக்குச் சில நிமிடங்கள்தான். மாதக்கணக்கில் பட்டினி கிடக்கவும் அதனால் முடியும். மருந்து அடிப்பவர் கண்ணில் படுவது வெளியே வரும் சிலவே, பெருங்கூட்டம் சுவருக்குள் இருக்கிறது.

நச்சு மருந்துகளின் கதையை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாம் உலகப்போருக்குப் பின் டிடிடி வந்தது, பூச்சி ஒழிந்தது என்றார்கள். 1947லேயே ஹவாயில் பேர்ல் துறைமுகத்துப் படைவீடுகளில் டிடிடிக்கு அசையாத மூட்டைப்பூச்சிகள் தென்பட்டன. நம் பக்கத்தில், இலங்கையில் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கருணாரத்ன குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், அங்கே பிடித்த ஹெமிப்டெரஸ் பூச்சிகள் டிடிடி உட்படப் பல மருந்துகளைத் தாங்கி நின்றன. இன்று கடையில் வாங்கும் ஸ்பிரேக்களில் பெரும்பாலும் இருப்பது பைரித்ராய்டு வகை. அது நரம்பில் போய் ஒட்டும் இடத்தின் உருவத்தையே சில பூச்சிக் குலங்கள் மாற்றிக்கொண்டுவிட்டன. தோல் தடித்த குலங்களும் உண்டு. மருந்து பலிக்காதபோது மனிதர் செய்வது அளவைக் கூட்டுவது, அல்லது வயலுக்கும் தானியக் கிடங்குக்கும் உரிய நஞ்சை வீட்டுக்குள் கொண்டுவருவது. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் வீட்டுக்குள் வைத்த எலி மருந்தின் நச்சுக்காற்றில் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். கதவடைத்த சின்ன அறையில் நஞ்சு யாரைத் தேடிப் போகும் என்று சொல்ல முடியாது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை என்று நம்மவர்கள் சொல்வது சும்மா இல்லை.

*

பூஞ்சையின் பெயர் பிவேரியா பேசியானா. இந்தப் பெயருக்குள் ஒரு துணிக்கதை இருக்கிறது.

இத்தாலியின் லோடி நகரத்துக்காரர் அகோஸ்டினோ பாஸி. சட்டம் படித்தவர், நாட்டமெல்லாம் இயற்கையில். அவர் பகுதியில் பட்டுப்புழுக்கள் கூட்டம் கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்தன. செத்த புழு விறைத்து, சில நாளில் மேலெல்லாம் வெள்ளை பூத்து, சுண்ணாம்புக்கட்டிபோல ஆகிவிடும். காற்று கெட்டதால், இலை கெட்டதால், ஏதோ ரசாயன மாற்றத்தால் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். 1807 வாக்கில் தொடங்கிய பாஸி முதலில் தானும் அப்படித்தான் நினைத்து, புழுக்களை என்னென்னவோ பாடுபடுத்தி நோயை வரவழைக்கப் பார்த்தார். வரவில்லை. கண் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் அவருக்குப் பிடிபட்டது எளிய விஷயம்: அந்த வெள்ளைப் பூப்புத்தான் நோய், அதை எடுத்து நல்ல புழுவின்மேல் வைத்தால் அதுவும் சாகிறது. 1835இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். ஒரு விலங்கின் நோய்க்கு நுண்ணுயிர் காரணம் என்று சோதனையால் காட்டிய முதல் ஆய்வுகளில் ஒன்று அது. பாஸ்டர் பட்டுப்புழு நோயைத் தொட்டது 1865இல், முப்பது வருடம் கழித்து. பூஞ்சைக்குப் பாஸியின் பெயர் நின்றுவிட்டது.

திருப்பூர் மாவட்டத்தின் தெற்கே உடுமலைப்பேட்டைப் பக்கம் மல்பெரித் தோட்டம் வைத்திருப்பவர்களிடம் பாஸியின் பெயரைச் சொன்னால் தெரியாது. ஆனால் அவர் பார்த்ததை அவர்கள் வருடா வருடம் பார்க்கிறார்கள். தமிழ்நாட்டின் பட்டுக்கூடு உற்பத்தியில் அந்தப் பகுதிக்கு முக்கிய இடம் உண்டு. மழையும் பனியும் சேர்ந்த மாதங்களில் வளர்ப்பு மனையில் ஈரம் தங்கினால் புழு சுருண்டு விறைத்து வெள்ளையாகும். உடனே அதைப் பொறுக்கி அப்புறப்படுத்தி, சுண்ணாம்புத்தூள் தூவிப் படுக்கையை உலர்த்த வேண்டும். பட்டுப்புழு இருக்கும் தட்டுக்கும் அவர்கள் சொல்லும் சொல் படுக்கைதான். ஒரே மாவட்டத்தில் ஒரு படுக்கையிலிருந்து துரத்தும் பூஞ்சையை இன்னொரு படுக்கைக்கு அழைக்கலாமா என்பதுதான் கேள்வி.

அது வேலை செய்யும் விதம் எந்த ரசாயனத்துக்கும் ஒப்பாகாது. வித்து ஒன்றின் அளவு இரண்டு, மூன்று மைக்ரான். பனியன் நூலின் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். அது பூச்சியின் வாய்க்குள் போகத் தேவையில்லை, காலிலோ அடிவயிற்றிலோ ஒட்டினால் போதும். வித்தின் மேற்பரப்பும் பூச்சித் தோலின் மெழுகும் தண்ணீரை வெறுப்பவை, ஆகவே ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. ஒட்டிய வித்து முளைவிடும். முளையின் நுனி உப்பி அழுத்தும். கூடவே கொழுப்பையும் புரதத்தையும் கைட்டினையும் கரைக்கும் நொதிகள் சுரக்கும். துளை விழுந்ததும் பூஞ்சை உள்ளே ரத்தத்தில் ஈஸ்ட்போலத் துண்டு துண்டாகப் பெருகும். நச்சுப் பொருள்களும் ஊறும். சில நாளில் பூச்சி மடியும். சுற்றிலும் போதிய ஈரம் இருந்தால் தோலைக் கிழித்துக்கொண்டு வெள்ளை வெளியே வரும், பாஸி பார்த்த அதே வெள்ளை.

மூட்டைப்பூச்சியிடமும் தற்காப்பு உண்டு. நசுக்கினால் அடிக்கும் வாடை அதன் சுரப்பியிலிருந்து வருவது. (பச்சைக் கொத்துமல்லி சிலருக்கு மூட்டைப்பூச்சி நாற்றம் அடிப்பதாகத் தோன்றுவது பிரமையில்லை. இரண்டிலும் ஒரே குடும்பத்து ஆல்டிஹைடுகள் இருக்கின்றன.) அந்தச் சுரப்பில் உள்ள இரண்டு பொருள்கள் மெட்டாரைசியம் என்ற மற்றொரு பூஞ்சையின் வளர்ச்சியைத் தடுத்ததை அமெரிக்க ஆய்வாளர்கள் 2015இல் காட்டினார்கள். மூட்டைப்பூச்சியிடம் மெட்டாரைசியம் பெரிதாக எடுபடாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். வெட்டுக்கிளியை மடக்கிய பூஞ்சை அது. நினா ஜென்கின்ஸே முன்பு ஆப்பிரிக்க வெட்டுக்கிளித் திட்டத்தில் அந்த வித்துகளைப் பெருக்கும் வேலையில் இருந்தவர். எண்ணெயில் கலந்தால் வறண்ட இடத்திலும் வித்து வேலை செய்யும் என்ற பாடம் அந்தத் திட்டத்தில் கற்றதுதான்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது இன்னொரு கண்டுபிடிப்பு. பிவேரியா வித்து ஒட்டிய பூச்சி உடனே சாவதில்லை. அது வழக்கம்போலத் தன் விரிசலுக்குத் திரும்புகிறது, கூட்டத்தில் நெருக்கியடித்துக்கொண்டு படுக்கிறது, வெளியே வராத மற்றவற்றின்மேல் வித்தை இழைத்துவிடுகிறது. ரசாயனத்தின் வேகத்தைப் புகழ்ந்தே பழகிய நமக்கு இங்கே தாமதம்தான் ஆயுதம். 2017இல் வெளியான மற்றொரு ஆய்வில் பைரித்ராய்டுக்கு மசியாத குலங்களும் இதற்கு மசிந்தன. நரம்பின் உருவை மாற்றிக்கொண்டவற்றுக்கும் தோல் தோல்தானே.

இதை அடிப்படையாக வைத்து அப்ரிஹெண்ட் என்ற மருந்து 2017 முதல் அமெரிக்காவில் விற்கப்படுகிறது. பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே அடிக்க வேண்டும். அறை முழுக்க இல்லை. கட்டில் சட்டம், கட்டில் கால், சுவரோரம் என்று பூச்சி நடந்து கடக்கும் வழிகளில் இரண்டு அங்குலப் பட்டையாக. மூன்று மாதம் வரை வீரியம் நிற்கும் என்கிறார்கள்.

*

இனி திருப்பூருக்கு வருவோம்.

வித்துக்கு வெயில் ஆகாது. வயலில் அடித்தால் புற ஊதாக்கதிர் சில நாளிலேயே கொன்றுவிடும். சன்னல் இல்லாத லைன் வீட்டு அறை இந்த வகையில் அதற்கு நல்ல இடம், மனிதனுக்குத்தான் இல்லை. ஆனால் சூடு வேறு கதை. பிவேரியாவுக்குப் பிடித்தது 25இலிருந்து 28 டிகிரி. 35ஐ நெருங்கினால் பெரும்பாலான இரகங்கள் தடுமாறும். மனித உடம்பின் சூட்டில் அது வளர முடியாமல் போவது நமக்கு நல்லதுதான். ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் திருப்பூரில் வெளியே 37, 38 டிகிரி என்றால், தகரத்தின் கீழ் அதற்கும் மேல். ராத்திரி இறங்கும், மறுபடி ஏறும். அந்த ஏற்ற இறக்கத்தில் ஐந்து நாள் என்பது எத்தனை நாளாக நீளும் என்பதைப் பென்சில்வேனியாவில் உட்கார்ந்து சொல்ல முடியாது. பூச்சியும் அங்கே சோதித்த வகை இல்லை, நம்முடையது ஹெமிப்டெரஸ்.

அடுத்தது நேரம். திருப்பூரில் தீபாவளி, பொங்கல் விடுமுறையில் அறைகள் காலியாகும். மருந்து அடிப்பவர்களுக்கு அதுதான் வசதி, பூட்டிவிட்டுப் போகலாம். பூஞ்சைக்கு இது தலைகீழ். ஆள் படுத்திருந்தால்தான் பூச்சி மூச்சுக்காற்றையும் உடல் சூட்டையும் மோப்பம் பிடித்துப் பட்டையைக் கடந்து வரும். இரை தேடி நடமாடும் பூச்சிகளிடம் பூஞ்சை கூடுதலாகப் பலிப்பதை நார்வே நாட்டு ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். காலி அறையில் பூச்சி விரிசலுக்குள்ளேயே பட்டினி கிடக்கும், வித்து வெளியே காத்துக் காத்து மூப்படையும். இந்த முறையில் தூங்குகிறவர்தான் தூண்டில் இரை. அவரிடம் அதை விளக்கிச் சொல்ல வேண்டும், அவர் மொழியில் சொல்ல வேண்டும். அடித்த அன்றே பூச்சி சாகாது, அடுத்த சில ராத்திரிகள் கடிக்கத்தான் செய்யும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாம் நாள் அவர் கடைக்குப் போய் ஸ்பிரே வாங்கி வந்து பட்டையின்மேலேயே அடிப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது.

"அதெதுக்குங்க அமெரிக்கா, நம்ம உரக்கடையிலயே பிவேரியா இருக்குதே" என்று பல்லடம் பக்கத்து விவசாயி கேட்கலாம். நியாயமான கேள்வி. பருத்திக் காய்ப்புழு முதலிய பயிர்ப் பூச்சிகளுக்காக அது வெகுநாளாகப் புழக்கத்தில் இருக்கிறது. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகமும் தயாரித்துக் கொடுக்கிறது. ஆனால் அது டால்க் பவுடரில் கலந்தது, தண்ணீரில் கரைத்துத் திறந்தவெளியில் அடிப்பதற்கானது. நாலு பேர் மூச்சுவிடும் அறையில் தூசியாகக் கிளப்பினால் ஆஸ்துமா உள்ளவருக்கு ஆபத்து. பட்டையாக ஒட்டிநின்று மாதக்கணக்கில் வேலை செய்ய எண்ணெய்க் கலவை வேண்டும். ஒரே பூஞ்சைதான் என்றாலும் வயலுக்குச் செய்த மருந்தை அறைக்குள் தூவுவது தப்பு.

பூஞ்சை ஒன்றே போதும் என்றும் நான் நினைக்கவில்லை. பூச்சியும் முட்டையும் 50 டிகிரிக்கு மேல் தாங்குவதில்லை. பாய்லரும் ஸ்டீம் அயர்னும் தெருவுக்குத் தெரு இருக்கும் ஊர் இது. ஊரிலிருந்து திரும்பும் தொழிலாளியின் போர்வையையும் துணிப்பையையும் உள்ளே விடும் முன் சூடான உலர்த்தியில் அரை மணி போட்டெடுப்பது ஒரு தொழிற்சாலைக்குப் பெரிய செலவில்லை. சுவர் விரிசலைச் சிமென்ட் வைத்து அடைப்பதும் அப்படித்தான். பையும் போர்வையும் சூட்டுக்கு, சுவரும் கட்டில் சட்டமும் பூஞ்சைக்கு என்று பிரித்துக்கொள்ளலாம். சூடு அன்றைக்கு இருப்பதைக் கொல்லும், அடுத்த வாரம் புதுப் பையில் வருவதற்குப் பட்டை காத்திருக்கும்.

பட்டுப்புழுவை மறந்துவிட முடியாது. திருப்பூர் நகரத்துக்கு வேலைக்கு வந்து, வாரக்கடைசியில் உடுமலைப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்ப் புழுவுக்குத் தழை போடும் குடும்பங்கள் இருக்கின்றன. சட்டையில் ஒட்டிய சில வித்துகளால் மனையே அழியும் என்று பயமுறுத்த நான் விரும்பவில்லை; பிவேரியா மண்ணில் இயல்பாகவே இருப்பதுதான், வயலிலும் அடிக்கிறார்கள். ஆனாலும் வளர்ப்பு மனை உள்ள வீட்டில் இதை அடிக்கக் கூடாது, அடித்த கையோடு புழுவைத் தொடக் கூடாது என்பதை மருந்துப் பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் தமிழில் அச்சடிக்க வேண்டும்.

இங்கே சோதித்துப் பார்ப்பதென்றால் எப்போது தொடங்கலாம்? கோடையில் கூடாது, தகரம் காயும். தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்களின் ரயில்கள் திரும்பும் வாரம்தான் பொருத்தம். அறைகள் மறுபடி நிரம்பியிருக்கும், பைகளில் புதுப் பூச்சியும் இறங்கியிருக்கும், வடகிழக்குப் பருவமழையில் அறையின் சூடு தணிந்து பூஞ்சைக்குப் பிடித்த அளவுக்கு வந்திருக்கும். அதே வாரங்களில் உடுமலைப்பேட்டையில் புழு வளர்ப்பவர் காலையில் மனைக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகக் குனிந்து, தழைக்கு நடுவே எங்காவது வெள்ளை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார், பக்கத்தில் சுண்ணாம்புத்தூள் டப்பாவோடு.